குற்றியில் எண்ணிய கோடும் அம்மா சொன்ன வருடமும்

போன இதழில், மரத்தின் வயதை அதன் வளையங்கள் சொல்லும் என்று இரண்டே வரியில் எழுதிவிட்டுப் போயிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு செங்கலடியிலிருந்து பொத்துவில் வரை எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் சந்தோஷம். மற்றக் கேள்விகள் அடுத்த இதழுக்கு இருக்கட்டும், இந்தமுறை மரம் மட்டும்.

கேள்வி: எங்கள் வளவில் நின்ற தேக்கை வெட்டிப் பலகை அரிந்தோம். அடிக்குற்றியில் கோடுகளை எண்ணினேன், 61 வந்தது. அம்மா சொல்கிறா, அது 1978 சூறாவளிக்குப் பிறகு, தென்னைகள் விழுந்து வெறுமையான இடத்தில் அம்மப்பா வைத்த கன்று என்று. அப்படிப் பார்த்தால் ஐம்பது வயதுகூட வராதே. நான் இரண்டு தரம் எண்ணிவிட்டேன். அம்மாவுக்கு மறதியா?
(வாசகி, செங்கலடி)

பதில்: அம்மாவுக்கு மறதி இல்லை. நீங்களும் சரியாகத்தான் எண்ணியிருப்பீர்கள், குற்றியில் 61 கோடு இருந்திருக்கும். ஆனால் கண்ணில் படுகிற கோடெல்லாம் வருடக் கோடு ஆகிவிடாது, சிக்கல் அங்கேதான்.

மரம் தடிப்பது பட்டைக்கு அடியில் இருக்கிற உயிருள்ள மெல்லிய படை ஒன்றால். மழை கண்டு தேக்குத் துளிர்க்கும்போது அந்தப் படை நீரை மேலே ஏற்றுவதற்காகப் பெரிய பெரிய குழாய்களைக் கட்டும். குறுக்கே வெட்டினால் ஊசி குத்தியதுபோல் வெறும் கண்ணுக்கே தெரிகிற துளைகள் அவைதான். பிறகு துளைகள் சிறுக்கும், மரம் நெருங்கி இறுகும், வறட்சி முற்றி இலை கொட்டியதும் வேலை நின்றுபோகும். அடுத்த மழைக்கு மறுபடி பெரிய துளைகள். இறுகியதற்கும் புதுத் துளைக்கும் நடுவில் விழுகிற கோடுதான் நீங்கள் எண்ணுவது. குளிர்நாடுகளில் வேலையை நிறுத்துவது பனிக்காலம், அது வருடத்துக்கு ஒருமுறைதான் வரும், ஆகவே அங்கே கணக்கு லேசு. நமக்கு நிறுத்துவதும் தொடக்குவதும் மழை. ஐப்பசி, கார்த்திகையில் பிடித்துத் தை வரை மாரி, மாசியில் ஒரு வெயில், பங்குனி சித்திரையில் பின்னேரத்து இடிமழை, அதற்குப் பிறகு கச்சான் காற்றோடு நீண்ட காய்ச்சல். மாசி வெயில் கொஞ்சம் கடுமையாக இருந்த வருடத்தில் மரம் கடையைப் பாதி சாத்திவிட்டுச் சித்திரை மழைக்குத் திரும்பத் திறந்துவிடும். வளையத்தின் நடுவே ஒரு கோடு விழுந்துவிடும், அது பொய்வளையம். உங்கள் மரம் கிணற்றடியிலோ குசினித் தண்ணீர் ஓடுகிற பக்கத்திலோ நின்றதென்றால் இன்னும் குழப்பம், கச்சானிலும் அதற்குத் தண்ணீர் கிடைத்திருக்கும்.

மெய்யையும் பொய்யையும் பிரிக்க வழி இருக்கிறது. குற்றியில் ஒரு பக்கத்தை அரத்தாளால் நன்றாகத் தேய்த்து, ஈரவிரலால் துடைத்துவிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மெய்க்கோட்டில் இறுகிய மரம் சட்டென்று முடிந்து பெரிய துளைகள் வரிசையாகத் தொடங்கும், கத்தியால் கீறியதுபோல் இருக்கும். பொய்க்கோடு இரண்டு பக்கமும் மங்கிக் கரையும், அதை விரலால் தொடர்ந்து போனால் மரத்தைச் சுற்றி முழுவட்டம் வராமல் எங்கேயாவது காணாமல் போய்விடும். இன்னுமொன்று, தேக்கின் அடிப்பக்கம் மடிப்பு மடிப்பாக இருக்கும், அந்த மடிப்புகளில் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே நாலு திசையில் நடுவிலிருந்து பட்டை வரை எண்ணிப் பாருங்கள். நாலும் ஒத்து வந்து, எண்ணிக்கையும் நாற்பத்துச் சொச்சத்துக்கு இறங்கினால் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள், அம்மப்பா கன்று வைத்த வருடத்தை மரமும் சொல்கிறது என்று.

கேள்வி: ஒரு மரத்தை எண்ணுவதே இவ்வளவு குழப்பம் என்றால், ஒரு முழுக் காட்டின் சரித்திரத்தை, அதுவும் எழுத்தில் எதுவும் இல்லாத பழங்காட்டின் சரித்திரத்தை, வளையத்தை வைத்து எப்படி எழுதுகிறார்கள்?
(மாணவர், வந்தாறுமூலை)

பதில்: ஒரு மரத்தை நம்பாமல்தான் எழுதுகிறார்கள். இந்தத் துறையின் உயிரே அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நல்ல மழை வருடத்தில் அகல வளையம், வறண்ட வருடத்தில் ஒடுங்கிய வளையம். ஒரே பிரதேசத்து மரங்கள் எல்லாம் ஒரே வானத்தைத்தான் பார்த்திருக்கும், ஆகவே அகலமும் ஒடுக்கமும் மாறி மாறி வருகிற வரிசை ஒரு மரத்தில் இருப்பதுபோல் பக்கத்து மரத்திலும் இருக்கும். இருபது முப்பது மரங்களின் வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்தினால் எந்த மரத்தில் பொய்வளையம் கூடியிருக்கிறது, எதில் ஒரு வளையமே விழாமல் போயிருக்கிறது என்பது தானாக வெளியே வந்துவிடும். இப்படிப் பொருத்தும் முறையை நிலைநாட்டியவர் அமெரிக்காவின் அரிசோனாவில் இருந்த ஏ. ஈ. டக்ளஸ். அவர் வானியலாளர். சூரியனில் 11 வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறைகிற கரும்புள்ளிகளுக்கும் பூமியின் மழைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று தேடப் போய், பழைய மழைக்கணக்கு எங்கேயும் இல்லாததால் பைன் மரக் குற்றிகளிடம் போனவர். உயிரோடு நிற்கிற மரத்தில் தொடங்கி, அதோடு பொருந்துகிற பழைய உத்தரம், அதோடு பொருந்துகிற அதிலும் பழைய உத்தரம் என்று சங்கிலி கோத்துக்கொண்டே பின்னுக்குப் போனார். நடுவில் ஒரு கண்ணி பல வருடமாக அகப்படவில்லை. 1929இல் ஷோ லோ என்ற ஊரில் கருகிப்போன ஓர் உத்தரத் துண்டு கிடைத்தது, அது அந்த இடைவெளியை மூடியது. அந்த ஒரு துண்டால் அங்கிருந்த பழங்குடிக் குடியிருப்புகள் எந்த எந்த வருடம் கட்டப்பட்டன என்று சொல்ல முடிந்தது. இன்று ஜெர்மனியின் ஓக், பைன் மரங்களில் இந்தச் சங்கிலி 12,000 வருடத்தைத் தாண்டிப் போயிருக்கிறது.

சரி, காட்டுக்கு வருவோம். 78 கார்த்திகையில், 23ஆம் திகதி வியாழக்கிழமை இரவு, சூறாவளி அடித்தபோது எனக்கு ஒன்பது வயது. விடிந்து கதவைத் திறந்தால் வானம் என்றுமில்லாத பெரிதாகத் தெரிந்தது, தென்னைகள் இல்லை. வளவின் பின்பக்கத்துப் பற்றையில் பெரிய மரங்கள் வேரோடு சரிந்து கிடந்தன. ஆனால் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்பது அதற்கு அடுத்த மாதங்கள்தான். அந்தப் பெரிய மரங்களுக்குக் கீழே இடுப்பளவு உயரத்தில் வருடக்கணக்காக அப்படியே நின்ற மெலிந்த கன்றுகள், வெயில் விழுந்ததும் அம்மா வியக்கிற வேகத்தில் மேலே போயின.

பழங்காட்டை வாசிக்கிறவர்கள் தேடுவது இந்த இடத்தைத்தான். பெரிய மரத்தின் நிழலில் நிற்கிற மரம் பட்டினி கிடக்கும், அதன் வளையங்கள் ஒன்றோடொன்று நெருங்கி, சில இடங்களில் மயிரளவு மெலிந்து இருக்கும். மேலே நின்றது விழுந்த வருடத்திலிருந்து வளையம் சட்டென்று அகலமாகிப் பல வருடம் அப்படியே போகும். ஒரே ஒரு மரத்தில் இந்த மாற்றம் இருந்தால் பக்கத்தில் ஒரு கிழமரம் தானாகச் சரிந்தது என்று கொள்ளலாம். ஒரு மலைச்சாரல் முழுக்க நூற்றுக்கணக்கான மரங்கள் ஒரே வருடத்தில் இப்படி விரிந்திருந்தால் அந்த வருடம் அங்கே பெருங்காற்று அடித்திருக்கிறது, அல்லது மனிதன் கோடரியோடு வந்திருக்கிறான். எது என்பதை மற்ற மரங்களின் பிறந்த வருடத்தை வைத்துப் பிரிப்பார்கள், கீழே புதைந்து கிடக்கிற வெட்டுக்குற்றிகளையும் பார்ப்பார்கள். நெருப்பு என்றால் அது வேறு மாதிரி அடையாளம் விடும். தண்டின் ஒரு பக்கத்துப் பட்டை வெந்து அங்கே வளர்ச்சி செத்துப்போகும், அடுத்த வருடங்களின் மரம் இரண்டு ஓரத்திலிருந்தும் உதடுபோல் சுருண்டு அந்தப் புண்ணை மூடப் பார்க்கும். புண் எந்த வளையத்தில் விழுந்தது, வளையத்தின் தொடக்கத்திலா முடிவிலா என்று பார்த்தால் நெருப்பு வந்த வருடம் மட்டுமல்ல, பருவமும் தெரியும்.

செத்த மரமும் பேசும். இதை நம் கரையோரத்து ஆட்கள் கட்டாயம் அறிய வேண்டும். அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலக் கடலோரத்தில், உப்புச் சேற்றுக்கு நடுவே, இலையில்லாத பட்ட செடார் மரங்கள் கூட்டமாக நிற்கின்றன. நிலம் ஒரே அடியாகத் தாழ்ந்து கடல்நீர் ஏறியதால் செத்தவை. பிரயன் அட்வோட்டரும் டேவிட் யமகுச்சியும் மற்றவர்களும் அவற்றின் வளையங்களைப் பக்கத்தில் உயிரோடு நின்ற கிழமரங்களோடு பொருத்திப் பார்த்தார்கள். மேல்தண்டு உக்கிப் போயிருந்தாலும் சேற்றுக்குள் இருந்த வேர்களில் பட்டைகூட அழியவில்லை. கடைசி வளையம் 1699. மரங்கள் 1699 ஆகஸ்ட்டுக்கும் 1700 மே மாதத்துக்கும் நடுவில் செத்திருக்கின்றன. கடலுக்கு அந்தப் பக்கம் ஜப்பானில், 1700 ஜனவரி கடைசியில் நிலம் அதிராமலே கடல் ஏறி வந்தது என்று எழுதிவைத்த பழைய குறிப்புகள் இருந்தன. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டபோது வந்த விடை: 1700 ஜனவரி 26 இரவு, அந்த அமெரிக்கக் கரையோரத்தில் ஏறக்குறைய 9 அளவுள்ள நிலநடுக்கம். சுமாத்திராவில் அதிர்ந்து கல்லடிக்கு வந்த 2004 மார்கழி அலையைப் போன்ற ஒன்று, முந்நூறு வருடத்துக்கு முந்தியது. கடலோரத்தில் பட்டு நிற்கிற ஒரு மரத்தை விறகு என்று பார்க்க எனக்கு அதற்குப் பிறகு மனம் வந்ததே இல்லை.

கேள்வி: எங்கள் கோயிலடிப் பாலை மரத்துக்கு ஆயிரம் வயது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். மூன்று பேர் கைகோத்துத்தான் கட்டிப்பிடிக்கலாம். சுற்றளவை அளந்து வயதைச் சொல்ல முடியுமா?
(வாசகர், கொக்கட்டிச்சோலை)

பதில்: முடியாது. பருமனுக்கும் வயதுக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிடத் தளர்வானது. ஆற்றங்கரையில் தண்ணீருக்குள் கால் வைத்து நிற்கிற மருது ஒரு மனித ஆயுளிலேயே பிரமாண்டமாகிவிடும், அதே வயது வீரை பாறை இடுக்கில் தொடையளவுகூட வராது. எண்ணிப் பார்த்த தனிமரங்களில் மிகவும் கிழமானவை கலிபோர்னியாவின் வெள்ளை மலைகளில் நிற்கிற பிரிசில்கோன் பைன்கள். 1957இல் எட்மண்ட் ஷுல்மன் அறிந்து சொன்ன ‘மெத்தூசலா’ என்ற மரம் 4,800 வருடத்தைக் கடந்தது. அது குட்டையானது, முறுக்கேறியது, பார்த்தால் பாதி செத்தது மாதிரி இருக்கும். மண் இல்லை, மழை இல்லை, குளிர் வேறு. மெல்ல வளர்ந்ததால் மரம் இறுகி, பூச்சியும் பூஞ்சையும் நுழைய முடியாமல் நீடித்தது.

பாலையில் இன்னொரு சங்கடம், அதில் வளையங்கள் தெளிவாக விழுவதில்லை. வருடம் முழுக்க இலையோடு நிற்கிற மரம், வேலையை முற்றாக நிறுத்துவதில்லை. போதாததற்குக் கிழப்பாலைகள் பெரும்பாலும் நடுவில் கோறை விழுந்தவை, பிறந்த வருடத்து மரம் எப்போதோ உக்கிப் போயிருக்கும். இப்படியான மரங்களுக்குக் கரிமக் கணக்கு இருக்கிறது, அதாவது மரத்தில் உள்ள கதிரியக்கக் கரிமத்தை (காபனை) அளந்து வயது சொல்வது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் ஆகாயத்தில் அணுகுண்டு வெடித்துப் பரீட்சித்ததால் காற்றில் கதிரியக்கக் கரிமம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகி, 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு இறங்கியது. அந்தக் காலத்தில் உருவான மரத்தில் அது ஏறியிருக்கிறது. பட்டையிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் உள்ளே அந்த ஏற்றம் இருக்கிறது என்று அளந்தால் அந்த மரம் அறுபது வருடத்தில் எவ்வளவு தடித்தது என்று தெரிந்துவிடும். மரத்தின் நடுவில் நல்ல மரம் மிஞ்சியிருந்தால் அதில் இந்தக் கரிமம் காலத்தோடு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து மிகப் பழைய வயதையும், சில பத்து வருடம் முன்பின்னாக, சொல்லலாம்.

ஆயிரம் என்ற கணக்கை நான் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. உங்கள் ஊருக்கே மரத்தின் பெயர்தானே. அந்தப் பாலையைச் சுற்றிச் சீமெந்து போடாமல் வேருக்குத் தண்ணீர் போக விடுங்கள், இது என் வேண்டுகோள்.

கேள்வி: தென்னை, பனையில் வளையம் எண்ணலாமா?
(வாசகர், களுவாஞ்சிக்குடி)

பதில்: இல்லை, அவற்றில் வளையமே கிடையாது. பட்டைக்கடியில் தடிக்கவைக்கும் அந்தப் படை தென்னைக்கும் பனைக்கும் இல்லை, வெட்டினால் நார்ப்பொட்டுகள்தான் தெரியும். ஆனால் தென்னந்தண்டின் வெளியே ஓலை கழன்ற தழும்புகள் இருக்கும். நல்ல மரம் வருடத்துக்குப் பன்னிரண்டு ஓலை சொச்சம் விடும், ஆகவே தழும்புகளை எண்ணி ஒரு மட்டுமதிப்புக்கு வரலாம். தழும்புகள் நெருங்கிக் கிடக்கிற இடம் மரம் கஷ்டப்பட்ட காலம்.

கேள்வி: குடும்பிமலைப் பக்கம், அப்புறம் கல்லோயாவுக்கு மேலே நிற்கிற காடுகள் ஆதிக்காடுதானா? நம் நாட்டில் யாரும் வளையம் பார்த்து இதைச் சொல்ல முடியாதா?
(ஆசிரியை, அக்கரைப்பற்று)

பதில்: கை தொடாத ஆதிக்காடு என்று சொல்ல நான் தயங்குவேன். நம்முடைய வறள்வலயக் காட்டுக்குள் நடந்தவர்களுக்குத் தெரியும், பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்து நிற்கிற இடத்தில் காலில் செங்கல் இடறும், கருங்கல் தூண் கிடக்கும், உடைந்துபோன குளக்கட்டின்மேல் மரங்கள் வரிசையாக நிற்கும். பழைய குளக்குடியிருப்புகள் கைவிடப்பட்ட பிறகு பல நூறு வருடத்தில் காடு திரும்பி எழுந்த இடங்கள் நிறைய. அதற்கு மேல் சேனைக்காரர் வெட்டிச் சுட்டு, ஓரிரு வருடம் விதைத்து, விட்டுவிட்டுப் போன துண்டுகள். அதனால் அதன் மதிப்பு குறையும் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஐந்நூறு வருடம் யாரும் நடாமல் தானாக எழுந்து நிற்கிற காட்டைத் திரும்ப உண்டாக்க நமக்கு இன்னொரு ஐந்நூறு வருடம் வேண்டும்.

எந்தத் துண்டு எப்போது எழுந்தது என்பதை வளையம் சொல்லுமா? பாலையிடமும், உள்ளே கரிபோல் கறுத்துக் கோடே தெரியாத கருங்காலியிடமும் கேட்டுப் பயனில்லை. முதிரையில் கோடுகள் தெரியும், ஆனால் வருடத்துக்கு ஒன்றுதானா என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அதற்கு வழி, நட்ட வருடம் தெரிந்த மரங்களைப் பார்ப்பது, அல்லது பட்டையில் சின்னக் காயம் ஒன்று போட்டுத் திகதி எழுதிவைத்துச் சில வருடம் கழித்துக் காயத்துக்கு வெளியே எத்தனை வளையம் என்று எண்ணுவது. தேக்கு நம்பகமானது, கேரளத்துத் தேக்குகளை வைத்து 1481 முதல் 2003 வரை 523 வருடத்து வரிசையைக் கட்டியிருக்கிறார்கள். எல் நினோ என்கிற பசிபிக் கடற்சூடு வந்து மழை பொய்த்த வருடங்கள் அதில் ஒடுங்கிய வளையங்களாக நிற்கின்றன. ஆனால் தேக்கு நம் காட்டில் தானாக முளைத்த மரமில்லை, நட்டது, ஆகவே நம் மழைக் கணக்கைச் சொல்லுமே தவிரக் காட்டின் வயதைச் சொல்லாது.

எனக்கு ஆசையெல்லாம் சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தில் நிற்கிற பட்ட மரங்கள் மேல். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி இங்கினியாகலையில் அணை கட்டியபோது காடு நின்றபடியே நீருக்குள் போனது. அவை செத்த காலம் நமக்குத் தெரியும். கடைசி வளையத்துக்கு வருடம் தெரிந்த பலவகை மரங்கள், அதுவும் நீருக்குள் கிடக்கிற பாகம் உக்காமல், ஒரே இடத்தில். எந்த இனத்தில் வளையம் வருடக்கணக்காகப் பின்னுக்குப் பொருந்தி வருகிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எது? யாராவது ஒரு பல்கலைக்கழக மாணவர் இதைக் கையில் எடுத்தால் நான் படகில் ஏறத் தயார்.

கேள்வி: வளையம் பார்க்க மரத்தை வெட்டத்தான் வேண்டுமா?
(வாசகர், திருக்கோவில்)

பதில்: வேண்டாம். தச்சரின் துறப்பணம் மாதிரி ஒரு கருவி, நடுவில் குழல். நெஞ்சுயரத்தில் வைத்துக் கையால் சுற்றினால் பென்சிலைவிட மெல்லிய, 5 மில்லிமீற்றர் குச்சி ஒன்று பட்டையிலிருந்து நடு வரைக்கும் வெளியே வரும். பெரும்பாலான மரங்கள் அந்தத் துளையை மூடிக்கொள்ளும், ஆனாலும் காயம் காயம்தான், பூஞ்சை நுழையலாம், ஆகவே அனுமதி இல்லாமல், அதுவும் கோயில் மரத்தில், செய்யக்கூடாது.

அதைவிட நமக்கு மலிவான வழி மரக்காலைகளில் நாள்தோறும் அடுப்புக்குப் போகிறது. காற்றில் விழுந்த மரமோ அனுமதியோடு வெட்டிய மரமோ, அடிப்பக்கத்தில் இரண்டு அங்குலத் தடிப்பில் ஒரு வட்டு அரிந்து வாங்குங்கள். பட்டை கழலாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டை போனால் கடைசி வருடம் போய்விடும். வெயிலில் வைத்தால் வெடிக்கும், நிழலில் மெல்லக் காயட்டும். பிறகு கரடான அரத்தாளில் தொடங்கி மெல்லியதில் முடியுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் மரத்தின் பெயர், நின்ற இடம், கிணற்றடியா மேட்டு நிலமா, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் அரிந்தது, விழுந்த திகதி என்று எழுதி வையுங்கள். திகதி இல்லாத வட்டு எனக்கு அனுப்பிப் பயனில்லை, திகதி உள்ளது எதுவானாலும் அனுப்புங்கள், நான் எண்ணித் தருகிறேன்.